ஐம்பத்தாறில் தொடங்கும் சண்டை

ஊசி இரண்டும் ஏறியாயிற்று. இனி நாலு மணித்தியாலத்துக்கு இடது கையை இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டியதுதான். தன்னுடைய இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய் மற்றக் குழாயால் திரும்பி வருவதை அருளம்பலம் பார்ப்பதில்லை. பார்த்தால், போனது முழுவதும் வருகிறதா, வருவது என்னுடையதுதானா என்று யோசனை பிடித்துக்கொள்ளும். பிறகு அது விடாது. அதனால் தலையை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். வலப்பக்கக் கதிரையில் ஹேமச்சந்திர. இரண்டு வருஷமாக அதே கதிரை, அதே மண்ணிறக் கம்பளித் தொப்பி, அதே மனிதர். ஊசி ஏற்றி முடிந்து தாதி மரிசெல் அடுத்த ஆளிடம் போனதும் போகாததுமாய் அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "ஆ, மல்லி, எதிலை விட்டம்?" இன்றைக்கு வரவில்லை. போர்வையை நாடிவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு ஹேமச்சந்திர மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நித்திரையோ? கண் திறந்துதான் இருக்கிறது. குளிர் கூடவோ? இரத்தம் வெளியே போய் வரும்போது எல்லோருக்கும்தான் குளிர்கிறது. அருளம்பலம் காத்திருந்தார். எழுபத்தைந்தாம் ஆண்டில் விட்டது. யாழ்ப்பாணத்து மேயரைக் கோவில் வாசலில் சுட்டார்களே, முதல் தோட்டா உங்கட பெடியனுடையதுதானே என்று சனிக்கிழமை ஹேமச்சந்திர முடித்தபோது மெஷின் கூவத் தொடங்கி, அருளம்பலத்துக்குப் பதில் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. அந்தப் பதில் இப்போது வாய்க்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் திருத்தித் திருத்தி, நேற்றுக் கறிக்கு வெங்காயம் வெட்டும்போது கடைசி வசனத்தையும் சேர்த்து, இன்றைக்கு ஆஸ்பத்திரி வானில் ஏறி வரும்போது ஒருமுறை முணுமுணுத்தும் பார்த்தாயிற்று, சிங்களத்தில்.

சிங்களத்தில்தான். இதை நினைத்தால் அவருக்கே சில வேளை சிரிப்பு வரும். கேகாலைத் தபால் கந்தோரில் வேலை நிலைக்க வேண்டும், சம்பளம் ஏற வேண்டும் என்பதற்காக, எழுத்தெழுத்தாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துச் சோதினை எழுதின பாஷை. சோதினை பாஸான அன்று அறைக்கு வந்து குப்புறப் படுத்துக் கிடந்தவர் அவர். இப்போது கனடாவின் ஸ்காபரோவில், கூரையில் வெளிச்சக் குழல் மின்னும் இந்தப் பெரிய அறையில், கிழமையில் அவர் ஆகக் கூடக் கதைப்பது அந்தப் பாஷைதான். தமிழில் கதைக்க யார் இருக்கிறார்கள்? பெண்சாதி மனோரஞ்சிதம் போய்ச்சேர்ந்து மூன்று வருஷம். மகள் கல்கரியில், ஞாயிறு பின்னேரம் கூப்பிடுவாள், "அப்பா சாப்பிட்டீங்களா, உப்புப் போடேல்லையே" என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளின் கையில் போனைக் கொடுப்பாள், அவர்கள் "ஹாய் தாத்தா" என்பார்கள், அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் இராது. மேல்வீட்டுக்காரர் தமிழ் ஆட்கள்தான், வாடகைக்கும் பனி தள்ளுவதற்கும் கதைப்பார்கள். பகல் முழுக்க நிலக்கீழ் அறையின் சின்ன யன்னலால் கார்களின் சக்கரம் போவது தெரியும், ஆட்களின் கால் தெரியும், முகம் தெரியாது. முதல் நாள் இந்தக் கதிரைக்கு வந்தபோது பக்கத்து மெஷினில் ஒட்டியிருந்த சிங்களப் பெயரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மை. எத்தனையோ பேர் இருக்கிற இந்த நகரத்தில் எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடக் கிடைத்தது ஒரு ஹேமச்சந்திரவா என்று கொதித்ததும் உண்மை. ஆனால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பக்கத்தில் அந்த மனிதர் காலில் நரம்பு இழுத்துத் துடித்தபோது, தாதிமார் ஒருவரும் அருகில் இல்லாமல், வாய் தன்பாட்டில் சிங்களத்தில் சொன்னது: காலை நீட்டி வைச்சு, பாதத்தை உங்கட பக்கமாய் மடக்குங்கோ அய்யா. அய்யா என்றால் சிங்களத்தில் அண்ணன். மல்லி என்றால் தம்பி. அந்த மனிதர் நோவுக்குள்ளேயே தலையைத் திருப்பிப் பார்த்தார். நோ விட்டதும் முதல் கேள்வி, நீ எந்த ஊர் மல்லி. இரண்டாவது கேள்வி, இவ்வளவு வடிவாய்ச் சிங்களம் கதைக்கிற உனக்கு எதுக்கு ஒரு தனி நாடு. அதற்கு அருளம்பலம் சொன்ன பதிலோடு தொடங்கியது. ஐம்பத்தாறில் நீங்கள் சிங்களம் மட்டும் என்று ஒரு சட்டம் போடாமல் இருந்திருந்தால் நான் இதை இன்னும் வடிவாகப் படித்திருப்பேன், ஆசையோடு.

அதிலிருந்து ஐம்பத்தாறு அவருடைய இடம். எங்கே போனாலும் அங்கே வந்து நிற்பார். ஹேமச்சந்திரவுக்கு அதற்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது, வெள்ளைக்காரன் போகமுதல் உங்கட ஆட்கள் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார்களே, சனத்தில் எத்தனையில் ஒரு பங்கு நீங்கள், பாதியைக் கேட்டால் எங்களுக்குப் பயம் வராதா. பயத்தில் சட்டம் போடலாமா? போடலாம் என்று சொல்லவில்லை மல்லி, யார் தொடங்கியது என்றுதானே கேட்கிறாய். சரி, ஐம்பத்தெட்டில் வீடுகளுக்கு நெருப்பு வைத்தது யார்? அதை நான் மறுக்கவில்லை. பல்கலைக்கழகத் தரப்படுத்தல்? அதில் எங்கள் கிராமத்துப் பிள்ளைகள் முதல்தரம் வளாகத்துக்குப் போனார்கள். எங்கள் பிள்ளைகள் போகவில்லையே! தனிநாட்டுத் தீர்மானம்? அது எழுபத்தாறு, அதற்கு முன்னால் எழுபத்திரண்டில் உங்கட புது அரசியலமைப்பு. எழுபத்தைந்து? எழுபத்தேழு. எண்பத்தொன்றில் நூலகம் எரிந்தது. எண்பத்துமூன்று. எண்பத்துமூன்றைச் சொன்னதும் இரண்டு பேரும் போர்வையைச் சரிசெய்துகொள்வார்கள். பிறகு ஹேமச்சந்திர இருமிவிட்டு, அதுக்கு முதல்நாள் கண்ணிவெடியில் பதின்மூன்று ஆமிக்காரப் பெடியள், என்பார். அருளம்பலம், அதுக்கு முதல்… என்பார். அதுக்கு முதல், அதுக்கு முதல் என்று இறங்கி இறங்கிப் போய் மறுபடி ஐம்பத்தாறு. ஒருநாளும் ஒருவரும் வெல்லவில்லை. வெல்லாமல் வீட்டுக்குப் போவதால் அடுத்த நாளுக்கு ஒரு சோலி இருந்தது. குளிசைகளை எடுத்து வைக்கும்போது, தாகத்தை அடக்கிக்கொண்டு வாயைக் கொப்பளித்துத் துப்பும்போது, இரவில் இடது கை மரத்துப்போய் விழிக்கும்போது, தலைக்குள் யாரோ ஒருவர் கதைத்துக்கொண்டிருந்தார். அது மனோரஞ்சிதத்தின் குரலாக இருந்திருக்க வேண்டும். அவளுடைய குரல் வரவர மெலிந்துகொண்டு போகிறது, "என்னப்பா" என்று கூப்பிடுவது மட்டும் மிச்சம். ஆனால் ஹேமச்சந்திரவின் குரல், மாத்தறைப் பக்கத்து இழுப்போடு, தடித்த குரல், அது துல்லியமாய் இருந்தது. இது என்ன நியாயம் என்று அவர் தன்னையே கேட்டிருக்கிறார். பெண்சாதியின் குரல் மறந்துபோக, சிங்களவனின் குரல் ஞாபகம் இருக்கிறது.

"அய்யா," என்றார் அருளம்பலம். "எழுபத்தைந்திலை விட்டம்."

ஹேமச்சந்திர தலையைத் திருப்பவில்லை. "ஓ," என்றார்.

"அந்தத் தோட்டாவைப் பற்றி நான் யோசிச்சனான். அதுக்கு முதல் வருஷம் தமிழாராய்ச்சி மாநாட்டிலை என்ன நடந்தது? கடைசிநாள், சனம் கூடி நிக்கேக்கை பொலிஸ் வந்து…"

"மல்லி." கூரையைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "நீ சொன்னதுதான் சரி. தொடங்கினது நாங்கள்தான்."

மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது. அருளம்பலத்துக்கு முதலில் தன் காதில் பிழையோ என்று பட்டது. என்ன சொன்னார், அபி தமயி, நாங்கள்தான், தொடங்கியது நாங்கள்தான். திருப்பிச் சொல்லச் சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைப்பாரோ. மாநாட்டுக் கதையின் மிச்சம் வாய்க்குள் கிடந்தது, மின்சார வயர் அறுந்து விழுந்தது, ஆட்கள் செத்தது, எல்லாம் வரிசையாய் நின்றது, ஒன்றுக்கும் இனி வேலையில்லை. இரண்டு வருஷம் இந்தச் சொல்லுக்காகத்தானே. இரண்டு வருஷமா? எழுபத்தேழில் கேகாலைச் சந்தியில் தன் சைக்கிளைப் போட்டு மிதித்து நொறுக்கினார்களே, அன்றிலிருந்து, இல்லை, அதற்கும் முதல், சோதினை பாஸாகிக் குப்புறப் படுத்துக் கிடந்த அன்றிலிருந்து, ஒரே ஒரு சிங்களவன் தன் வாயால் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தது. இதோ சொல்லியாயிற்று. சந்தோஷம் எங்கே? நெஞ்சுக்குள் தேடிப் பார்க்கிறார், ஒரு மூலையிலும் இல்லை. வீட்டுக்குள் திருடன் வந்து போன மாதிரி இருக்கிறது. வலது கையில் கட்டியிருந்த இரத்த அழுத்தப் பட்டி தன்பாட்டில் காற்றடைத்து இறுக்கியது, இறுக்கிக்கொண்டே போயிற்று, பிறகு சோர்ந்து விட்டது. இந்த மனிதருக்கு என்ன வந்தது? யாராவது ஏதாவது சொன்னார்களா? அவருடைய மகள் நில்மினி, அந்த நோயாளிகளோடு ஏன் சண்டை பிடிக்கிறீர்கள் என்று ஏசினாளோ? சும்மா, வாயை மூடுவதற்காகச் சொல்கிறாரோ? குழந்தைக்குச் சொல்வதுபோல, ஓமடா, நீ வென்றுவிட்டாய், படு.

"ஏன் அய்யா அப்பிடிச் சொல்றியள்?" என்று கேட்டார்.

"உண்மை அதுதானே. நான் யோசிச்சுப் பார்த்தன்." இப்போது ஹேமச்சந்திர திரும்பினார். முகம் வீங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே பை. ஆனால் சாந்தமாக இருந்தார், அதுதான் பயமாக இருந்தது. "வியாழக்கிழமை நான் வரமாட்டன் மல்லி. டொக்டரோடை கதைச்சாச்சு. நில்மினியும் ஓமெண்டிட்டா. இண்டைக்கும் அவவின்ரை கரைச்சலாலைதான் வந்தது. இனிக் காணும். சண்டையோடை போகக் கூடாதெண்டு நினைச்சன்."

வரமாட்டன் என்றால் வேறு ஆஸ்பத்திரிக்கா, நேரம் மாற்றிக் கொடுத்தார்களா என்று ஒரு கணம், அரைக் கணம், மனம் ஏமாறப் பார்த்தது. இங்கே இருக்கிற எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். யன்னலோரக் கதிரைக் கிரேக்கக் கிழவி அப்படித்தான் ஒருநாள் எல்லோருக்கும் கை காட்டிவிட்டுப் போனாள். மெஷினை விட்டால் ஒரு கிழமை, சிலருக்கு இரண்டு. நோவில்லை என்கிறார்கள், மயக்கம் மாதிரி வரும் என்கிறார்கள். யார் திரும்பி வந்து சொன்னார்கள் நோவில்லை என்று? என்ன சொல்வது இப்போது? போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? உறவா, ஊரா, ஒரே கோவிலா? கதிரை அடுத்தடுத்து, அவ்வளவுதான். அந்த மனிதரின் கையில் ஊசி குத்த இடமில்லாமல் கறுத்துப்போனது அருளம்பலத்துக்குத் தெரியும். போன மாரியில் இரண்டு முறை நிமோனியா. போதும் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் வியாழக்கிழமை நான் வருவேனே. வந்து தலையை வலப்பக்கம் திருப்புவேனே. அங்கே யாரைப் பார்ப்பது. புதன்கிழமை முழுக்க, நிலக்கீழ் அறையில், யாருக்கு என்ன பதிலைச் சிங்களத்தில் திருத்துவது. சீ, என்ன மனம் இது, சாகப்போகிறவரைப் பற்றி யோசிக்காமல் தன் புதன்கிழமையை யோசிக்கிறது. யோசிக்காமல் என்ன செய்யும்? அதுக்குத் தெரிந்தது அதுதான். அவரோடு கதைக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. அந்தக் கதையையும் முடித்துவிட்டார், தோற்றுக் கொடுத்துவிட்டார். ஒருவர் தோற்றால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடுகிறது என்று இவ்வளவு நாளும் ஏன் விளங்கவில்லை?

"பிழை," என்றார் அருளம்பலம் சத்தமாக. எதிர்க்கதிரைக்காரர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார். "நீங்கள் சொல்றது பிழை அய்யா. எங்கட ஆக்கள் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டது? அதை எங்கை விட்டிட்டியள்? பயம் வராதா சனத்துக்கு?"

ஹேமச்சந்திர மெல்லச் சிரித்தார். "அது நான் சொன்னது."

"நீங்கள் சொன்னதுதான். சரியாச் சொன்னியள். நான்தான் அண்டைக்கு விதண்டாவாதம் கதைச்சன்." நாக்கு கூசியது. சரியாகச் சொல்லவில்லையே, சரியில்லையே அது, பயந்தவன் எல்லாம் சட்டம் போட்டால் உலகம் என்னாகும். ஆனால் வாய் ஓடியது. "மேயரைச் சுட்டதும் பிழை. அந்த வயதிலை பெடியளின்ரை கையிலை துவக்கைக் கண்டு சந்தோஷப்பட்ட பெரியாக்கள் எங்களிலை எத்தினை பேர். மேடையிலை இரத்தத் திலகம் வைச்ச ஆக்கள், விரலைக் கீறி… இதெல்லாம் நீங்கள் கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கேல்லை?" ஹேமச்சந்திர கண்ணை மூடிக்கொண்டார். "விடு மல்லி, அதெல்லாம் விடு." விட முடியாது. எழுபத்தேழில், கேகாலையில், சைக்கிளை மிதித்து நொறுக்கிய கதையை இவரிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு இரவு வீட்டுக்காரி லீலாவதி நோனா தன் சமையலறைப் பின்னறையில் என்னைப் பூட்டி வைத்து, வாசலில் கத்தியோடு வந்தவர்களிடம் பேசிக்கொண்டு நின்றதை ஒரு தரமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால் அது அவருடைய பக்கத்துக்குப் போய்விடும். இப்போது அதையும் எடுத்துக் கொடுத்தார். லீலாவதி நோனா வெற்றிலை துப்பிவிட்டு அவர்களைத் திட்டிய சொல்லைக்கூட அப்படியே சொன்னார். ஹேமச்சந்திரவின் மூடின கண்ணுக்குக் கீழே கன்னம் அசைந்தது. நல்ல மனுசி, என்றார். அவ்வளவுதான். நல்ல மனுசி என்பதில் சண்டைக்கு என்ன இருக்கிறது. காலுக்குள் குளிர் ஏறியது. மரிசெல் வந்து மெஷினைப் பார்த்தாள், அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது அங்கிள், கதைக்காமல் படுங்கள் என்றாள், போர்வையைக் காலுக்குச் சரியாக்கிவிட்டுப் போனாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது இருப்பது அருளம்பலத்துக்கு எப்போதும் தெரியும்; வீட்டில் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் புழங்குவதுபோல இரண்டு வருஷமாய் அதைச் சுற்றித்தான் கதைத்திருக்கிறார். இவரிடம் மட்டுமா? ஒருவரிடமும் சொன்னதில்லை. மனோரஞ்சிதத்துக்குத் தெரியும், அவள் அதைப் பற்றிக் கதைக்கவே விடமாட்டாள், சுவருக்கும் காது இருந்த காலம் போய் இந்த நாட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. மகளுக்குச் சித்தப்பா சண்டையில் செத்தவர் என்று மட்டும் தெரியும். சண்டையில். சொல்லலாமா. இவருக்கா சொல்வது, இவருக்குச் சொன்னால் தம்பி கேதீஸைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் வைத்த மாதிரி ஆகாதா, பார், இவங்கள் தங்களுக்குள்ளேயே என்று ஒருவன் தலையாட்ட என் தம்பியைக் கொடுப்பதா. எங்கள் ஆட்களிடம் சொன்னால் துரோகி, சிங்களவரிடம் சொன்னால் சாட்சி. அதனால் கேதீஸ் ஒரு இடத்திலும் இல்லாமல் போனான். எண்பத்தாறு, சித்திரை கழிந்து வெயில். கேதீஸ்வரனுக்கு இருபத்துநாலு. வேறு ஒரு இயக்கம் அவன். அந்த இயக்கத்தைத் தடை என்று மற்ற இயக்கம் அறிவித்த கிழமை. ஊர் வீட்டுக் குசினியில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், வாழைப்பழத்தைப் பிசைந்து. வந்தவர்கள் கத்தவில்லை. அம்மா, கேதீஸ் நிக்கிறானோ என்று கேட்டார்கள். அதில் ஒருவன் இவனோடு கரப்பந்து விளையாடினவன், எங்கள் வீட்டுக் கிணற்றில் முகம் கழுவிப் போகிறவன். கைகழுவ விட்டார்கள். செம்பில் தண்ணீர் வார்த்தது அந்தக் கரப்பந்துப் பெடியன்தான். அருளம்பலம் உள்வாசலில் நின்றார், கேட்டார், எங்கை கொண்டு போறியள் தம்பி? ஒண்டுமில்லை அண்ணை, ஒரு விசாரணை. எல்லாம் தமிழில், என்ன மரியாதையான தமிழ், நீங்கள் நாங்கள் என்று, எங்கள் ஊர்த் தமிழ். பின்னேரம் சந்தியில் கிடந்தான். நாலு பேர் அப்படிக் கிடந்தார்கள். தொடவிடவில்லை.

இதை யாருக்குச் சொல்கிறேன், உள்ளுக்குள் நினைக்கிறேனா வெளியில் சொல்கிறேனா என்று அருளம்பலத்துக்குத் திடீரென்று பிடிபடவில்லை. வெளியில்தான். சிங்களத்தில், புட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயரோடு, கரப்பந்துக்கும் செம்புக்கும் சிங்களச் சொல் தேடித் தேடி, அழாமல், தபாலில் வந்த சேதியை வாசிக்கிற மாதிரி, தான் சொல்லி முடித்திருப்பது தன் காதில் விழுந்தது. தமிழில் இதைச் சொல்லியிருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. தமிழில் ஒவ்வொரு சொல்லும் அந்தக் குசினியில் இருந்தது. "இதுக்கு ஐம்பத்தாறை எப்பிடி நான் சாட்டுறது, சொல்லுங்கோ," என்றார். "இதைத் தொடங்கினது நாங்கள் இல்லையா?"

பக்கத்துக் கதிரையில் அசைவு. ஹேமச்சந்திர போர்வையைத் தள்ளினார். ஊசியில்லாத கையால் கதிரைப் பிடியை ஊன்றி எழும்பப் பார்த்தார், முடியாமல் பாதியில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"விசர்க் கதை கதையாதை!" என்றார். "அந்தப் பெடியனுக்கு என்ன வயது? உன்ரை தம்பியைக் கொண்டுபோன பெடியனுக்கு?"

"இருபதுக்குள்ளை இருக்கும்."

"அப்ப எண்பத்துமூண்டிலை? அவனுக்குப் பதினேழு. பதினேழு வயதுப் பெடியன் பள்ளிக்கூடத்தை விட்டிட்டுத் துவக்குக்கு ஏன் போனான்? ஆர் போக வைச்சது? சொல்லன்! நாங்கள் நெருப்பு வையாட்டி அவன் இண்டைக்கும் பந்து விளையாடியிருப்பான்!"

"நெருப்பு வைச்சது நீங்கள். ஆனால் என்ரை தம்பியைச் சுடச் சொல்லி நீங்கள் சொல்லேல்லையே அய்யா. அதை அவன் தானா நினைச்சுத்தானே செய்தவன்? செம்பிலை தண்ணி வார்த்தவனுக்கு மூளை இல்லையே?"

"துவக்குக் குடுத்த கையிலை மூளை எங்கை மல்லி நிக்கும்!"

"அப்பிடிப் பார்த்தால் உங்கட ஆமிக்காரனுக்கும் அதே ஞாயம்தான்!"

"இல்லை, அவன் அரசாங்கம்! சம்பளம் வாங்கினவன்! ரெண்டும் ஒண்டெண்டு சொல்லாதை, அதுக்கு நான் விடமாட்டன்!"

இரண்டு மெஷினும் சேர்ந்து கூவத் தொடங்கின. எதிர்க்கதிரைக்காரர் பத்திரிகையை மடித்துவிட்டார். மரிசெல் ஓடி வந்தாள், இன்னொரு தாதியும் வந்தாள், என்ன நடக்கிறது இங்கே, இரண்டு பேரும் படுங்கள், படுங்கள். அருளம்பலம் படுத்தார். என் பக்கத்தை அவர் கதைக்கிறார், அவருடைய பக்கத்தை நான் கதைக்கிறேன், இல்லை, கேதீஸ் ஒருவருடைய பக்கமும் இல்லை, கேதீஸுக்காக ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். முப்பத்தாறு வருஷத்தில் முதல் ஆள். அன்றைக்குச் சந்தியில் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது, ஒருவரும் கோபப்படவில்லை. அண்ணன் நானும் கோபப்படவில்லை, கோபப்பட்டால் அம்மாவையும் மனோரஞ்சிதத்தையும் யார் பார்ப்பது. இப்போது, ஒரு காலம் மாத்தறைப் பக்கம் கம்புருப்பிட்டி பஸ் டிப்போவில் நேரக்கணக்கராய் இருந்த இந்த மனிதர், எழும்ப முடியாத உடம்போடு எழும்பப் பார்க்கிறார். கண் எரிந்தது. துடைக்க ஒரு கைதான் இருக்கிறது, அதிலும் பட்டி இறுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டார். பக்கத்தில் ஹேமச்சந்திரவுக்கு மூச்சு வாங்கியது. இருந்திருந்து அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வந்தது: "பேர் என்ன, தம்பிக்கு?" "கேதீஸ்." "கேதீஸ்," என்று அவர் சொல்லிப் பார்த்தார், கடைசி ஸ்-ஐ அழுத்தி, சிங்கள வாயால். மறுபடி ஒருமுறை சொன்னார்.

ஹேமச்சந்திரவுக்கு எப்போதும் முதலில் முடிந்துவிடும், அவருடைய நேரம் குறைவு. ஊசியைக் கழற்றினார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். நில்மினி சக்கர நாற்காலியோடு வந்து நின்றாள், சிவந்த கண், நல்ல பிள்ளை, எல்லோருக்கும் ஒரு பெட்டியில் கேக் கொண்டுவந்திருந்தாள். மரிசெலும் மற்றத் தாதிமாரும் ஒவ்வொருவராக வந்து ஹேமச்சந்திரவின் தோளைத் தொட்டார்கள். அருளம்பலம் கையை நீட்ட முடியாமல் படுத்திருந்தார். என்ன சொல்ல வேண்டும் இந்த நேரத்தில்? அய்யா, நீங்கள் சொன்ன அந்த அரசாங்கக் கதை எனக்குச் சரிவரவில்லை, பதில் இருக்கிறது, வியாழக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லலாமா. சொன்னால் மகளுக்கு என்னமாய் இருக்கும். நாற்காலி நகர்ந்தது. கதிரைகளின் நடுவால் போய், எடை பார்க்கும் இடத்தைக் கடந்து, கதவடிக்குப் போய்விட்டது. அங்கே ஹேமச்சந்திர கையை உயர்த்தி நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பச் சொன்னார்.

"மல்லி!" அறை முழுக்கக் கேட்டது. "நாப்பத்தெட்டை விட்டிட்டம்! தோட்டத்துச் சனத்தின்ரை குடியுரிமையைப் பறிச்சதை! அது ஐம்பத்தாறுக்கு முதல்! அதைச் செய்ததும் நாங்கள்தான்!"

"அப்ப எங்கட ஆக்களிலையும் சிலர் அரசாங்கத்தோடைதான் நிண்டவை!" என்று கத்தினார் அருளம்பலம்.

ஹேமச்சந்திர சிரித்தார், வாயைத் திறந்து, உடம்பு குலுங்க. பிறகு கையைக் காட்டி, "கிஹின் என்னங்," என்றார். கதவு மூடியது.

கிஹின் என்னங். போய் வருகிறேன். அந்தப் பாஷையிலும் அப்படித்தான். போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், சந்தைக்குப் போகிறவனும் அப்படித்தான் சொல்வான், கடல் தாண்டிப் போகிறவனும் அப்படித்தான். கைகழுவித் துவாயில் துடைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கேதீஸ் சொன்னதும் அதுதான், போட்டு வாறன் அண்ணை. மனோரஞ்சிதத்தைச் சத்திர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் சொன்னதும் அது. சொல்வது வழக்கம். வழக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்பத்தெட்டை ஏன் எடுத்தார்? இனி வரமாட்டேன் என்கிற மனிதர் புதிதாக ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டுப் போவாரா. போகும்போது வாய்க்கு வந்ததாக இருக்கும். சிரிப்பைப் பார்த்தாயே, அந்தச் சிரிப்பு. சிரிப்பு இருக்கட்டும், கையைப் பார்த்தாயா, ஊசி குத்த இடமில்லை. இருக்கட்டும், இருக்கட்டும். மரிசெல் பக்கத்துக் கதிரையை மருந்துத் தண்ணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், முதுகை, பிடியை, கால் வைக்கும் இடத்தை. துடைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பாமல் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வாசலில் நின்று கடைசியாக என்ன சொன்னார், அங்கிள்?"

அருளம்பலம் அவளைப் பார்த்தார். பிலிப்பைன்ஸ் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

"போய்விட்டு வருகிறேன் என்று," என்றார்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். துணி கையில் அப்படியே இருந்தது. "உண்மையாகவா? வருகிறேன் என்றா சொன்னார்?" முகம் முழுக்க வெளிச்சம். "அப்படியானால் நான் வரவேற்பு மேசையில் சொல்கிறேன். வியாழக்கிழமைக்கு இந்தக் கதிரையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன்."

அது சும்மா சொல்கிற சொல் பிள்ளை, எல்லோரும் அப்படித்தான் சொல்வோம் என்று அருளம்பலம் சொல்லவில்லை.

"ஓம்," என்றார். "சொல்லுங்கோ."